“லெட் யூ கோ” என்றால் விடுமுறை அல்ல: ஆங்கில மரபுத்தொடர்கள் அறிவோம்



வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்த நம் ஊர்ச் சகோதரர் ஒருவருக்கு அவருடைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் “வீ ஹாவ் டு லெட் யூ கோ” என்று ஒரு வரி. ‘லெட்’ என்றால் விடு, ‘கோ’ என்றால் போ. ஆகவே ஊருக்குப் போக அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்தார். வீட்டுக்குப் போன் செய்து லீவு கிடைத்ததாகச் சொன்னார். பிள்ளைகள் நாட்களை எண்ணத் தொடங்கினார்கள்.

பத்து நாள் கழித்து, அறையில் உடன் தங்கியிருந்தவர் அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. “உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்” என்பதைத்தான் நாசூக்காக அப்படி எழுதியிருந்தார்கள். கணக்குக் கேட்கவும் வேறு வேலை தேடவும் அவருக்கு இருந்த அவகாசத்தில் பத்து நாள் வீணாகிவிட்டது.

அந்த வரியில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. சொற்கள் சேர்ந்து தரும் பொருள்தான் தெரியவில்லை.

மரபுத்தொடர் என்றால் என்ன?

“கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்” என்றால் அவன் இரும்புக் கம்பியை நீட்டினான் என்று நம் பிள்ளைகள் நினைப்பதில்லை. ஓடிப்போனான் என்று புரிந்துகொள்கிறார்கள். ‘ஆறப்போடு’, ‘கயிறு திரி’, ‘அல்வா கொடு’ எல்லாம் இப்படித்தான். சொல்லின் நேர்ப்பொருளை விட்டு, வழக்கத்தால் வேறு பொருள் தருவது மரபுத்தொடர். ஆங்கிலத்தில் இதற்கு ‘இடியம்’ என்று பெயர். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினால் பொருள் கிடைக்காது. முழுத் தொடரையும் ஒரே சொல்லாக நினைத்துப் படிக்க வேண்டும்.

மற்றவர் மொழியைக் கற்பது நமக்குப் புதிதல்ல. தமக்கு வரும் கடிதங்களைப் படிப்பதற்குப் பிறரை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காக, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் இளைஞராக இருந்த ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். 15 நாட்களுக்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸில் வருகிறது. நமக்கு வரும் கடிதத்தை நாமே புரிந்து படிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் நோக்கமும்.

தமிழோடு ஒத்துப்போகும் தொடர்கள்

முதலில் எளிதானவை. இவற்றுக்கு நம்மிடமே இணை உண்டு.

• க்ரோக்கடைல் டியர்ஸ் – முதலைக் கண்ணீர்.
• வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட் – கை கழுவிவிடுதல்.
• ஆட் ஃபியூயல் டு தி ஃபயர் – எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுதல்.
• கில் டூ பர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன் – ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.
• இட் நெவர் ரெயின்ஸ் பட் இட் போர்ஸ் – பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்.

ஒத்துப்போவது போல் ஏமாற்றும் தொடர்கள்

இங்கேதான் கவனம் தேவை.

புல்லிங் யுவர் லெக்: நம் வழக்கில் காலை வாரிவிடுவது துரோகம். ஆங்கிலத்தில் இது விளையாட்டாகக் கேலி செய்வது மட்டுமே. உடன் வேலை செய்பவர் “ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்” என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஐ ஆம் அஃப்ரெய்ட்: “ஐ ஆம் அஃப்ரெய்ட் தி போஸ்ட் இஸ் ஃபில்டு” என்று அதிகாரி சொன்னால் அவர் எதற்கும் பயப்படவில்லை. “வருந்துகிறேன், அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது” என்கிறார்.

பாஸ்ட் அவுட்: படிப்பை முடித்ததைச் சொல்ல நம் நாட்டில் “ஐ பாஸ்ட் அவுட் இன் 2022” என்கிறோம். வெளிநாட்டவர் காதில் இது “2022ல் மயங்கி விழுந்தேன்” என்று விழும். இன்டர்வியூவில் “ஐ கிராஜுவேட்டட் இன் 2022” என்று சொல்வதே நல்லது.

பாஸ்ட் அவே: இது காலமானார் என்பதற்கான மரியாதையான சொல். ‘கிக் தி பக்கெட்’ என்பதும் மரணத்தைக் குறிக்கும் என்று புத்தகங்களில் இருக்கும். ஆனால் அது கேலியான பேச்சு. மய்யித் வீட்டாருக்கு எழுதும் ஆறுதல் செய்தியில் அதை ஒருபோதும் எழுதக் கூடாது.

தெரியாவிட்டால் நஷ்டம் தரும் தொடர்கள்

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்: உங்களுக்கு வரவேண்டிய எல்லாம் வந்து சேர்ந்தது, இனி பாக்கி எதுவும் இல்லை என்ற முழுக் கணக்கு. சம்பளப் பாக்கி, லீவுச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முதலில் கையெழுத்து, பிறகு பணம் என்று யாராவது சொன்னால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஃபைன் பிரிண்ட்: ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள். “ரீட் தி ஃபைன் பிரிண்ட்” என்றால் அதையும் விடாமல் படி என்று பொருள்.

வீ வில் கெட் பேக் டு யூ: பிறகு தொடர்பு கொள்கிறோம் என்பது இதன் பொருள். வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதை நம்பிப் பார்க்கிற வேலையை விட்டுவிடக் கூடாது.

டச் அண்ட் கோ: ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்படிச் சொன்னால், தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொருளல்ல. நிலைமை கவலைக்கிடம், எப்படியும் ஆகலாம் என்கிறார். ‘அவுட் ஆஃப் டேஞ்சர்’ என்றால் ஆபத்து நீங்கியது. ‘அண்டர் தி வெதர்’ என்றால் லேசாக உடம்பு சரியில்லை.

ஒரு தொடர், ஒரு விளக்கம்

மலை முஹம்மதிடம் வராவிட்டால் முஹம்மது மலையிடம் போக வேண்டும் என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பழமொழி உண்டு. அடுத்தவர் இறங்கி வராவிட்டால் நாமே போய்க் காரியத்தை முடிக்க வேண்டும் என்பது இதன் கருத்து. இதைப் படித்துவிட்டு, நபி (ஸல்) அவர்கள் வாழ்வில் இப்படி நடந்ததா என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். குர்ஆனிலோ ஹதீஸிலோ இப்படி ஒரு சம்பவம் கிடையாது. ஆங்கில எழுத்தாளர் பிரான்சிஸ் பேகன் 1625ல் வெளியிட்ட கட்டுரைகளில் இந்தக் கதையைச் சொல்கிறார். அதன் பிறகு பழமொழியாகப் பரவிவிட்டது. பரீட்சையில் வந்தால் கருத்தை எழுதலாம், வரலாறு என்று நம்ப வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எப்படிப் படிப்பது?

எஸ்.எஸ்.சி. நடத்தும் மத்திய அரசு வேலைத் தேர்வுகளின் ஆங்கிலப் பகுதியில் மரபுத்தொடர்கள் கேட்கப்படுகின்றன. ஒரே நாளில் நூறு தொடர்களை மனப்பாடம் செய்தால் நிற்காது. நாளைக்கு இரண்டு போதும். ஒரு நோட்டில் தொடரையும் பொருளையும் எழுதி, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது அத்தாவோ அம்மாவோ அதைக் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் தமிழ்ப் பொருளைக் கேட்டுச் சரிபார்க்க முடியும். விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் மட்டும் மரபுத்தொடர்களைத் தவிர்த்து நேராக எழுதுங்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றின் பொருளை முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

1. பீஸ் ஆஃப் கேக்
2. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்
3. அட் தி லெவன்த் அவர்
4. பர்ன் தி மிட்நைட் ஆயில்
5. டர்ன் எ ப்ளைண்ட் ஐ

விடைகள்: 1. அல்வா சாப்பிடுவது போல மிக எளிது. 2. எப்போதாவது அபூர்வமாக. 3. கடைசி நேரத்தில். 4. இரவு கண்விழித்துப் படித்தல் அல்லது உழைத்தல். 5. கண்டும் காணாமல் இருத்தல்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆங்கிலக் கடிதம் வந்து பொருள் விளங்காவிட்டால், தெரிந்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ அன்றைக்கே காட்டுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.