குடலுக்குள் ஒரு பாடசாலை

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் உம்மா கண்டிக்குப் போயிருந்தார். நானுஓயாவின் குளிர் பிடித்து, தம்பிக்குத் தடிமனும் இலேசான காய்ச்சலும் வந்தன. அலுமாரியில் வாப்பாவுக்கு முன்பு கொடுத்த அன்டிபயோட்டிக் குளிசைகள் நான்கு மிஞ்சிக் கிடந்தன. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் துணிவில் இரண்டைத் தம்பிக்குக் கொடுத்தேன். தடிமன் போகவில்லை, வயிற்றோட்டம் வந்தது.

மருந்து கொடுத்தது நான்தான் என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "தடிமன் வைரஸால வாறது, மகள். இந்தக் குளிசை வைரஸைக் கொல்லாது. வயித்துக்குள்ள இருக்கிற நல்ல பற்றீரியாவைத்தான் கொல்லும்" என்றார். ஜீவனி குடித்துத் தம்பி தேறிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 'நல்ல பற்றீரியா' என்ற சொல் என்னை விடவில்லை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

நம் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நமது நிர்ப்பீடனக் கலங்கள் பலவும் குடற்சுவரை ஒட்டியே உள்ளன. அடுத்தடுத்து வாழும் இவை ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. எந்த நுண்ணங்கியும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் நிணநீர் இழையங்கள் சிறுத்தே இருக்கும், பிறபொருளெதிரிகளும் குறைவு. பாடம் நடத்த ஆசிரியர் இல்லாத வகுப்பறை போன்றது அந்தக் குடல்.

2009 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் டான் லிட்மனின் குழு ஒரு வியப்பான உண்மையை வெளியிட்டது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் வாங்கிய ஒரே இன எலிகளில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் சிறுகுடலில் 'ரி.எச். 17' எனும் போர்வீரக் கலங்கள் நிறைய இருந்தன. காரணம், குடற்சுவரில் ஒட்டி வாழும் இழை போன்ற ஒரு பற்றீரியா. அதை மற்றக் கூட்டத்துக்குக் கொடுத்தபோது அவற்றிலும் அக்கலங்கள் உருவாகின.

போர்வீரர் மட்டும் போதாது. அளவுக்கு மீறினால் அவர்களே சொந்த இழையங்களைத் தாக்குவர். அவர்களை அடக்கும் 'ஒழுங்காக்கும் ரி-கலங்களும்' வேண்டும். பெருங்குடலில் இவற்றைப் பெருக்குபவை குளொஸ்ரிடியம் குழுவைச் சேர்ந்த சில பற்றீரியாக்கள் என 2011 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். நாம் சமிக்க முடியாத நார்ப்பொருளை இவ்வகைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேற்று எனும் அமிலப் பொருளை உண்டாக்குகின்றன. "அமைதி காக்கும் கலமாக மாறு" என்று ரி-கலத்துக்குச் செய்தி சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

இவை எலிகளின் கதைகள் என்று நினைக்கலாம். நமது அயல்நாடான இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் பினாகி பாணிக்கிரகியின் குழு 4,556 பச்சிளங் குழந்தைகளை ஆய்வு செய்தது. ஒரு பகுதியினருக்குத் தாய்ப்பாலோடு ஏழு நாட்களுக்கு லக்டோபசிலஸ் பிளான்டாரம் எனும் பற்றீரியாவும், அதற்கு உணவாக ஒருவகைச் சர்க்கரையும் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டன. 2017 இல் முடிவு வெளியானது. அது கிடைக்காத குழந்தைகளில் 9 சதவீதத்தினருக்குக் குருதித் தொற்றோ மரணமோ நேர்ந்தது; கிடைத்தவர்களில் அது 5.4 சதவீதம். சுவாசத் தொற்றுகளும் குறைந்தன. குடலுக்குள் போன பற்றீரியா நெஞ்சையும் காத்ததென்றால், அது உடலின் காவலர்களையே பழக்கியிருக்கலாம் அல்லவா?

அந்தச் சர்க்கரையின் பெயர் பிரக்டோ-ஒலிகோசக்கரைட்டு. அது வெங்காயத்திலும் உள்ளியிலும் உண்டு. நமது மலைத் தோட்டங்களிலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகும் லீக்ஸிலும் உண்டு! லீக்ஸ் சாப்பிட்டால் நோயே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டில் ஒதுக்கி வைக்கும் அந்தக் கறி, உள்ளே இருக்கும் ஆசிரியர்களுக்கான உணவு.

தோழியரே, பெற்றோரே! அன்டிபயோட்டிக் உயிர் காக்கும் மருந்து. வைத்தியர் தந்தால், அவர் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும். மிஞ்சியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் அலுமாரியில் கிடந்த கடைசி இரண்டு குளிசைகளையும் நானே மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தேன். தம்பி இப்போது லீக்ஸ் சாப்பிடுகிறான், முகத்தைச் சுளித்துக்கொண்டே.