டிங்கெல் ஆற்றங்கரை நீராலை: ஓவியம் சான்றாகுமா?

ஒல்லாந்து என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது காற்றாலையே. கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த அதன் மேற்குப் பகுதியில் ஆறுகளுக்கு வேகமில்லை. ஆதலின் அங்குள்ளோர் காற்றை நம்பினர். கிழக்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டிய ட்வெண்டே வட்டாரத்தில் நிலம் சற்றே சரிந்து கிடக்கிறது. ஜெர்மனியில் தோன்றி, நெதர்லாந்தில் புகுந்து, மீண்டும் ஜெர்மனிக்கே திரும்பும் டிங்கெல் என்னும் சிற்றாறு அவ்வழியே செல்கிறது. அதன் கரையில், டெனெகாம்ப் என்னும் ஊரையடுத்த சிங்கிராவன் பண்ணையில் நிற்கும் நீராலையின் வரலாறு 1448 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

ஆற்றின் இருமருங்கும் கட்டடங்கள், இடையே மதகு. மதகை அடைத்தால் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர் சக்கரத்தின் அடிப்பலகைகளை மோதித் தள்ளும். வீழ்ச்சி குறைந்த ஆற்றுக்கு ஏற்ற அமைப்பு இது. தானியம் அரைத்தல், வித்துகளை நசுக்கி எண்ணெய் எடுத்தல், மரம் அறுத்தல் என மூன்று தொழில்களை இந்த ஆலை செய்துவந்தது. மரம் அறுக்குமிடத்தில் சக்கரத்தின் சுழற்சி, வளைந்த அச்சு ஒன்றினால் வாளின் ஏற்ற இறக்கமாக மாறுகிறது. பெருமழைக் காலத்தில் மதகைத் திறந்தாக வேண்டும். இல்லையேல் மேற்புறத்து வயல்கள் மூழ்கும். ஆலைக்காரர் தேக்க விரும்பும் நீரே உழவர் வடிக்க விரும்பும் நீர்! நீராலைகள் இருந்த இடமெல்லாம் இப்பூசல் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் யாக்கோப் வான் ராய்ஸ்டால் இந்த ஆலையை வரைந்தார். பின்னர் அவர் மாணவர் மைண்டர்ட் ஹொப்பெமாவும் வரைந்தார். இருவர் ஓவியங்களும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. ராய்ஸ்டாலின் ஓவியம் ஏறத்தாழ 1650–52 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தது.

இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா? இலக்கியத்துள் வரலாறு தேடும் நமக்கு இவ்வினா புதிதன்று. ராய்ஸ்டாலே அண்மையிலுள்ள பெந்தைம் கோட்டையை 1653 இல் வரைந்தபோது, சிறு குன்றின்மேல் நிற்கும் அதனை ஒரு மலையின் உச்சிக்கே ஏற்றிவிட்டார். ஆகவே, அவர் தீட்டிய மரங்களையும் மேட்டையும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகாது. ஆனால், இரு கட்டடங்களும் இடையே மதகுமாகிய அமைப்பு கற்பனையன்று. நேரில் கண்டார்க்கே அது வாய்க்கும். மேலும், அவர் வரைந்த மதகு திறந்திருக்கிறது. நீரின் பெரும்பங்கு சக்கரங்களை விட்டு விலகி, இடைவழியே நுரைத்துப் பாய்கிறது. ஆலைக்காரர் விரும்பாத வேளையை ஓவியர் விரும்பினார் போலும்.

அந்த ஆலை இன்றும் இயங்கும் நிலையில் உள்ளது. காண்போர் ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.