சயானிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன்

தாராவியிலிருந்து நடந்து போய் சயானில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். பரேல் என்றதும் மும்பைத் தமிழர்களுக்கு கே.இ.எம். மருத்துவமனையும் டாடா புற்றுநோய் மருத்துவமனையும்தான் நினைவுக்கு வரும். அதே பரேலில் 1886 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்துவருகிறது. இன்று அது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மகாராஷ்டிரக் கால்நடை மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. முழுக்க அரசுப் பல்கலைக்கழகம்.

பிள்ளை இதைப் படிக்கப் போவதாகச் சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி: “மாட்டு டாக்டரா? தாராவியில மாடு எங்கடா இருக்கு?” கேட்பவர்களுக்குத் தங்கள் வட்டாரத்தின் கதையே மறந்துபோயிருக்கிறது. பாந்திராவில் ஆட்டுத்தொட்டி இருந்த காலத்தில் அங்கிருந்து வந்த தோலை நம்பித்தான் தாராவியின் பதனிடும் தொழில் வளர்ந்தது. அந்தத் தோல் வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. 1970-களின் தொடக்கத்தில் அறுப்புக்கூடம் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாறியது. அங்கே அறுப்புக்கு முன்பு உயிருள்ள ஆட்டையும் பின்பு இறைச்சியையும் சோதித்துச் சான்று தருவது கால்நடை மருத்துவர்தான். மாடு இல்லாத ஊரிலும் வேலை இருக்கிறது.

முதலில் செய்யவேண்டியது, கண்ணால் பார்ப்பது. பரேலில் கல்லூரியை ஒட்டி பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஜனவரியில், சங்கராந்திப் பட்டம் விடும் நாட்களில் போவது இன்னும் நல்லது. மாஞ்சாக் கயிறு அறுத்த இறக்கையோடு புறாவையும் பருந்தையும் அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்டியின் அடியில் ரத்தம் ஊறிய செய்தித்தாள் இருக்கும். எடுக்கப் போனால் பறவை கையைக் கொத்தும். அந்த நாற்றமும் கொத்தும் பழகுமா என்று பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும். நாய்க்குட்டி மேல் ஆசை என்பது மட்டும் இந்தப் படிப்புக்குப் போதாது.

அடுத்தது பாடப்பிரிவு. 11, 12-ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் கட்டாயம். பொதுப்பிரிவினர் குறைந்தது 50 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மாட்டுங்காவின் ரூயா, கால்சா, சயானின் எஸ்.ஐ.இ.எஸ். ஆகிய கல்லூரிகளில் அறிவியல் பிரிவு உண்டு. அங்கேயே தொடர்ந்து பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தால் கால்நடை டாக்டர் ஆகிவிடலாம் என்று நம்பும் பெற்றோர் உண்டு. ஆக முடியாது. அது வேறு பட்டம். கால்நடை மருத்துவராகப் பதிவு செய்ய பி.வி.எஸ்ஸி. ஏ.எச். பட்டம்தான் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு நுழைவாயில் நீட் தேர்வு. 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4. தவறினால் 1 குறையும். தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீட் வினாத்தாள் தமிழிலும் வருகிறது என்பது உண்மை. ஆனால் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களின் தேர்வு மையங்களில்தான் அது கிடைக்கும். மும்பையில் எழுதினால் ஆங்கிலம், இந்தி, உருது, மராத்தி. ஆகவே 11-ஆம் வகுப்பின் முதல் நாளிலிருந்தே உயிரியல் சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொள்வது நல்லது. கடைசி ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத கணக்கு.

மதிப்பெண்ணைவிட அதிகம் பேரை வழுக்கிவிடுவது காகிதம். மும்பைத் தமிழருக்கு இதில் மூன்று முடிச்சுகள்.

ஒன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மகாராஷ்டிரப் பள்ளிகளிலோ பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களை நிரப்பியாக வேண்டும். ஒரே பிள்ளை பள்ளிச் சான்றிதழில் ‘முத்து செல்வம் நாடார்’, ஆதாரில் ‘எஸ். முத்து’, ரேஷன் அட்டையில் ‘முத்துக்குமார்’ என்று மூன்று ஆளாக நிற்பது சாதாரணம். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இது மூன்று ஆளாகவே தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்துவதுதான் எளிது. அதை 11-ஆம் வகுப்பிலேயே முடித்துவிட வேண்டும்.

இரண்டு, டொமிசைல் சான்றிதழ். மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டுகள் வசித்ததைக் காட்ட வேண்டும். ‘ஆப்லே சர்கார்’ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம்; செம்பூர் புறநகர் மாவட்டம். மாவட்டத்தை மாற்றிப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வாடகைக் குடித்தனத்தில் மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். எனவே ரேஷன் அட்டையையும், முதல் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் சான்றுகளையும் சேர்த்துவைப்பது உதவும்.

மூன்று, சாதிச் சான்றிதழ். முடிச்சுகளில் பெரியது இதுதான். திருநெல்வேலியில் வாங்கிய பட்டியல் சாதிச் சான்றிதழைக் காட்டி மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்குச் சொந்த மாநிலத்தின் அட்டவணைத் தகுதி கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரேலிலேயே உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட மாணவர் ஒருவரின் வழக்கு அது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியிருந்து, அந்தச் சாதி மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருந்தால் மட்டுமே இங்கே சான்றிதழ் வாங்கலாம். பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. மூன்று தலைமுறையாக இங்கே உழைத்தவர்களின் பேரப்பிள்ளை பொதுப்பிரிவில் நிற்க வேண்டியிருப்பது கசப்பான விஷயம். ஆனால் கலந்தாய்வு நாளில் தெரிந்துகொள்வதைவிட இரண்டு ஆண்டுக்கு முன்பே தெரிந்துகொள்வது மேல்.

நீட் முடிவு வந்துவிட்டால் இடம் தானாக வந்துவிடாது. இரண்டு தனித்தனி விண்ணப்பங்கள் போட வேண்டும். நாடெங்கும் உள்ள 15 சதவீத அகில இந்திய இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நிரப்புகிறது. எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குப் பதிவு செய்தவர்கள் இதற்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டதாக நினைத்து ஏமாறுவது உண்டு. மாநில இடங்களுக்கு விண்ணப்பம் வேறு. மும்பை கிடைக்காவிட்டால் நாக்பூர், பர்பணி, உத்கீர், ஷிர்வல் இருக்கின்றன. பரேல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து விருப்பப் பட்டியலில் ஒரே பெயரை நிரப்புவது புத்திசாலித்தனம் அல்ல.

தமிழ்நாட்டுக் கதவும் ஒன்று உண்டு. 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களுக்கு நீட் கேட்பதில்லை. 12-ஆம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியோடு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதவு தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு. ஊரில் தாசில்தாரிடம் இருப்பிடச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அங்குள்ள 7.5 சதவீத அரசுப் பள்ளி ஒதுக்கீடு மும்பை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொருந்தாது. ஒரே ஆள் இரண்டு மாநிலத்திலும் ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்று எழுதிக் கொடுப்பது ஆபத்து. எந்தக் கதவு என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

இடம் கிடைத்தபின் ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓர் ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி. முதல் ஆண்டின் பெரும்பகுதி எலும்போடு போகும். மாட்டின் தோள்பட்டை எலும்பு இது, குதிரையுடையது இது என்று கையால் தடவியே சொல்லப் பழக வேண்டும். பட்டத்துக்குப் பின் கவுன்சிலில் பதிவு, அதன்பிறகே வைத்தியம். மகாராஷ்டிர அரசு வேலைக்கு எம்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கிறது, கிராமத்து மாட்டுக்காரரிடம் பேச மராத்தி நன்றாக வர வேண்டும். மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இது மட்டும் ஏற்கெனவே கைவந்த சரக்கு.

நீட் கைவிட்டால் அதே பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பம், மீன்வள அறிவியல் என்று நான்காண்டுப் படிப்புகள் உண்டு. பால்வளத்துக்குக் கணிதம் வேண்டும் என்பதால் 11-ஆம் வகுப்பில் உயிரியலோடு கணிதத்தையும் எடுத்துவைப்பது ஒரு காப்பு.

பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறதென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் ரேஷன் அட்டையையும் எடுத்து வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.