அறிவது யார்? – மூளையும் ஆன்மாவும் பற்றிய ஒரு சைவசித்தாந்தப் பாடம்

பாடசாலையில் உயிரியல் படிக்கும் எமது பிள்ளைகள் சமய வகுப்பில் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "நினைப்பது, ஞாபகம் வைத்திருப்பது, கோபப்படுவது எல்லாம் மூளையின் வேலை என்றால் ஆன்மாவுக்கு என்ன வேலை?" என்பதே அது. இதே கேள்வி பெரியவர்களுக்கு வேறொரு வடிவில் வருகிறது. மறதி நோய் கண்ட அம்மம்மா பேரப்பிள்ளையின் பெயரை மறந்து, பிறகு மகளின் முகத்தையும் மறந்துவிடும்போது, "அம்மா எப்போதோ போய்விட்டார், உடம்பு மட்டும்தான் இருக்கிறது" என்று வீட்டில் சொல்லத் தொடங்குகிறோம். இரண்டும் ஒரே கேள்விதான். அதற்கு எமது சாத்திரம் தரும் விடையை இவ்விதழில் சிந்திப்போம்.

மூளை பற்றி அறியப்பட்டவை

1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைக் குறைப்பதற்காக மூளையின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. அதன் பின்னர் 2008இல் இறக்கும் வரை அவரால் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. மொன்றியலைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை நீண்ட காலம் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் முதல் நாள் அதைச் செய்ததாக மறுநாள் அவருக்கு ஞாபகமே இல்லை.

மூளையின் இன்ன பகுதி பழுதானால் இன்ன ஆற்றல் குறையும் என்பது இன்று ஐயமறத் தெரிந்த உண்மை. இதைக் கேட்டுச் சைவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஏன் என்பதை இனிக் காண்போம்.

மெய்கண்டார் காட்டும் வழி

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களைக் கொண்டது. அதன் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்கித் தருகிறது. "நம்பு" என்று மட்டும் சொல்லி நூல் நகர்ந்துவிடவில்லை. அக்காரணங்களில் சிலவற்றை எளிய தமிழில் கூறுவோம்.

முதலாவது, உடலும் நான் அல்ல, புலனும் நான் அல்ல என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து "இல்லை" எனத் தள்ளுவதற்கு ஒருவர் வேண்டும். தள்ளுபவர் தள்ளப்பட்டவற்றுள் ஒன்றாக இருக்க முடியாது.

இரண்டாவது, "எனது வீடு" என்பவர் வீடு அல்லர். அவ்வாறே "எனது உடல்" என்பவரும் உடல் அல்லர்.

மூன்றாவது, கண் ஓசையை அறியாது, காது உருவத்தை அறியாது. ஆனால் மணி அடிப்பதைப் பார்த்ததும் நான், அதன் ஓசையைக் கேட்டதும் நான் என்று ஐந்தையும் அறிபவர் ஒருவர் உள்ளார்.

நான்காவது, உடல் கட்டிலில் கிடக்கக் கனவு காண்கிறோம். விழித்தபின் "நான் கனவு கண்டேன்" என்கிறோம். இரு நிலைக்கும் பொதுவான ஒருவர் இருப்பதாலேயே அப்படிச் சொல்ல முடிகிறது.

ஐந்தாவது, ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. ஆயினும் இன்ப துன்ப நுகர்ச்சியும் செயலும் அங்கு இல்லை. ஆகவே மூச்சும் அறிபவர் அன்று.

ஆறாவது, அறிவிக்க அறிவதே எமது இயல்பு. தானே எல்லாம் அறியும் இறைவனும் நாம் அல்லோம்.

கருவியும் கருத்தாவும்

இனி நான்காம் சூத்திரம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கும் அந்தக்கரணம், அதாவது உட்கருவி எனப்படும். இவற்றுள் எதுவும் ஆன்மா அன்று என்கிறது இச்சூத்திரம். இங்கேதான் பலர் தவறி விளங்கிக்கொள்கிறோம். மனமே ஆன்மா என்று எண்ணுகிறோம். சித்தாந்தப்படி மனம் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள். நினைப்பது, துணிவது, "நான்" என்று முனைவது, சிந்திப்பது எல்லாம் சடமான கருவிகளின் துணையோடு நடப்பவை. கருவி பழுதானால் தொழில் கெடும். ஆதலால் மூளை பாதிக்கப்பட ஞாபகம் போவது எமது சாத்திரத்துக்கு முரணான செய்தி அன்று. கணக்கேடு எரிந்துபோனால் கணக்கு விவரம் போகும். அந்த வியாபாரத்தின் முதலாளி எரிந்துவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் அறிவு எப்போது தோன்றியது? ஆன்மா அநாதி, அதற்குத் தோற்றம் இல்லை என்பதே சித்தாந்தத்தின் விடை. அதன் அறிவை ஆணவமலம் மறைத்து நிற்கிறது. இறைவன் மாயையிலிருந்து தரும் உடலும் கருவிகளும், விடியும்வரை இருட்டறையில் ஏற்றிவைத்த சிறு விளக்குப்போல உதவுகின்றன. விளக்கின் ஒளி மங்கினால் அறையில் உள்ளவருக்குப் பொருள்கள் தெரியாமல் போகும். அவர் அறையிலேதான் இருக்கிறார்.

அரசன் உள்ளே செல்லும் உவமை

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஓர் அழகிய உவமை தருகிறார். பவனி சென்று திரும்பும் அரசன் படைகளையும் பரிவாரங்களையும் வாயில்தோறும் நிறுத்திவிட்டு, கடைசியில் தனியே அந்தப்புரம் புகுகிறான். ஆன்மாவும் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்ற ஐந்து அவத்தைகளில் இவ்வாறே கருவிகளை ஒவ்வொன்றாக விட்டு உள்ளே செல்கிறது. சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகள், கனவில் இருபத்தைந்து, உறக்கத்தில் மூன்று, துரியத்தில் இரண்டு, துரியாதீதத்தில் ஒன்று எனக் கணக்கும் தரப்பட்டுள்ளது. வாயிலில் காவலர் பதில் சொல்லவில்லை என்பதற்காக உள்ளே அரசன் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அறிவியல் நிற்கும் இடம்

2006ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், வீதி விபத்தின் பின் ஐந்து மாதங்களாக எந்த உணர்வும் காட்டாதிருந்த 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கான் இயந்திரத்துள் வைத்து, "டெனிஸ் விளையாடுவதாக நினையுங்கள்", "உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக நினையுங்கள்" என்று சொன்னார்கள். நலமாக உள்ளவர்களின் மூளையில் எழும் அதே செயற்பாடு அவரது மூளையிலும் எழுந்தது. 2024இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சொன்னதற்கு வெளியே எவ்வித அசைவும் காட்டாத 241 நோயாளரில் 60 பேருடைய மூளை அத்தகைய கட்டளைக்கு இணங்கியது தெரியவந்தது. நாலில் ஒருவர்!

இதனால் ஆன்மா நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. ஸ்கான் காட்டியது மூளையின் செயலையே. ஆனால் மூளையின் செயல் ஏன் ஒரு "உணர்வாக" அனுபவிக்கப்படுகிறது என்ற வினா இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்குக் "கடினமான பிரச்சினை" என்று பெயரிட்டவர் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ். உணர்வுக்குரிய மூளைச் செயற்பாடு 25 ஆண்டுகளில் தெளிவாகக் கண்டறியப்படும் என்று நரம்பியலாளர் கிறிஸ்தோஃப் கொக் 1998இல் அவரோடு பந்தயம் கட்டினார். 2023 ஜூன் மாதம் நியூயோர்க்கில் கொக் தோல்வியை ஒப்புக்கொண்டார். தேடல் தொடர்கிறது. பிள்ளைகள் அதை ஆர்வத்தோடு படிக்கட்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

பாடம் படித்துப் பயன் நடப்பில் தெரிய வேண்டும். மறதி நோயுற்ற பெரியவரின் முன்னிலையில் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று விருந்தினரிடம் சொல்வதை நிறுத்துவோம். பெயர் மறந்தால் பரீட்சை வைக்காமல், "அம்மம்மா, நான் உங்கள் பேத்தி" என்று நாமே சொல்லி அருகில் இருப்போம். பின்னர் கற்ற ஆங்கிலம் நழுவித் தாய்மொழி மட்டும் மிஞ்சுவதும் உண்டு. ஆகவே தமிழில் கதைப்போம். இளமையில் மனனம் செய்த தேவாரம் பலருக்குக் கடைசிவரை நிற்கும். பிள்ளைகள் முதல் அடியைப் பாடினால் மற்ற அடி அவர் வாயிலிருந்து வரக்கூடும். வராவிட்டாலும் பாடுவோம். கோயிலில் சத்தம் போடுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று கூசி அவர்களை வீட்டிலேயே அடைத்து வைக்காமல், கூட்டம் குறைந்த வேளையிலாவது அழைத்து வருவோம். அருகில் நிற்கும் அடியார்களும் முகம் சுளிக்காமல் இடம் விட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசைவற்றுக் கிடப்பவரிடமும் பெயர் சொல்லி, கைபிடித்துப் பேச வேண்டும். பிரேதப் பேச்சும் காணிப் பேச்சும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும்.

அறிபவர் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று சாத்திரம் சொல்கிறது. அந்த மரியாதையோடு நாம் அவர் பக்கத்தில் அமர வேண்டும்.

சிந்தனைக்கு (மாணவர்களுக்கு)

1. "எனது மனம்" என்று சொல்கிறோம். மூன்றாம் சூத்திரத்தின் வழியில் இதிலிருந்து என்ன பெறப்படும்?
2. கணக்கேடு, விளக்கு, அரசன் என்ற மூன்று உவமைகளுள் உங்களுக்கு நன்கு விளங்கியது எது? வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அதை உங்கள் சொல்லில் விளக்குக.

திருச்சிற்றம்பலம்