மேக்பெத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு

முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். லண்டனில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு இந்த வருஷம் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் பாடம். அவளுக்குப் போனில் சொன்னவற்றை உங்களுக்கும் எழுதிவைக்கிறேன்.

1. முதலில் கைடை மூடுங்கள். 'பேராசை பெருநஷ்டம்' என்று அதில் ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கரும்பலகையில் அதைத்தான் எழுதிப்போட்டேன். வகுப்பு மொத்தமும் அதையே பரீட்சைத்தாளில் திருப்பித் தந்தது. தப்பு என்னுடையது. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். மேக்பெத் என்ற இந்த மனுஷனுக்குக் கண் மறைக்கவே இல்லை.

2. நம்பாவிட்டால் முதல் அங்கம் ஏழாம் காட்சியைப் பாருங்கள். உள்ளே விருந்து நடக்கிறது, இவன் தனியாக வெளியே வந்து நிற்கிறான். டங்கன் தன் உறவுக்காரர், தன் அரசர், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி, அதற்கு மேல் நல்லவர். கொல்லக்கூடாது என்பதற்கான காரணங்களை வேறு யாரும் சொல்லவில்லை, அவனே அடுக்குகிறான். மனைவி வந்ததும் 'இது வேண்டாம்' என்றே சொல்லிவிடுகிறான். அந்தக் காட்சி மொத்தம் எண்பது வரிச் சொச்சம்தான். அது முடிவதற்குள் சரி என்கிறான். எந்த வரியில் மனம் மாறுகிறது என்று பென்சிலால் குறித்துவையுங்கள். நீங்கள் குறிப்பதும் பக்கத்தில் இருப்பவன் குறிப்பதும் ஒன்றாக இராது. அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

3. "சூனியக்காரிகள்தானே தாத்தா அவனைக் கெடுத்தது?" என்று பேத்தி கேட்டாள். அரசனாவாய் என்று குறி சொன்னார்கள், உண்மை. கொல் என்று சொன்னார்களா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. உன் வம்சம் ஆளும் என்று கூட இருந்த பாங்கோவுக்கும்தான் சொன்னார்கள். அவன் கத்தியை எடுக்கவில்லையே.

4. வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலான வரிகளில் பத்து அசை, மெலிந்தும் அழுந்தியும் மாறி மாறி வரும். சூனியக்காரிகள் பேசினால் வரி குறுகும், அழுத்தம் முதல் அசையிலேயே விழும். மேசையில் தட்டினால் காது பிடித்துக்கொள்ளும்.

5. கைகளைக் கவனியுங்கள். டங்கன் கொலையை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவில்லை. காட்டுவது கொன்றுவிட்டு வரும் கைகளை. காவலாளிகள் பக்கத்தில் போட்டுவிட்டு வரவேண்டிய கத்திகளை மேக்பெத் கையோடு கொண்டுவந்துவிடுகிறான். திரும்ப உள்ளே போகச் சொன்னால் மாட்டேன் என்கிறான். மனைவியே வாங்கிக்கொண்டு போகிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்பது அவள் கணக்கு. ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து வந்து அதே கையைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். வாடை போகவில்லை. பக்கத்தில் எப்போதும் விளக்கு எரியவேண்டும் என்று உத்தரவு வேறு. அதுவரை செய்யுளில் முழங்கியவள் அங்கே உடைந்த உரைநடையில் பேசுகிறாள். அவளை ராட்சசி என்று எழுதித் தள்ளுகிறவர்கள், தூங்கும் டங்கன் தன் அப்பா சாயலில் இருந்ததால் தானே குத்தவில்லை என்று அவள் சொல்வதைக் கவனிப்பதில்லை.

6. சரித்திரத்தைத் தனிப் பத்தியாக ஒட்டவைக்காதீர்கள். நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். நிஜ டங்கன் செத்தது போரில், படுக்கையில் இல்லை. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்றில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் கை சுத்தம். ஏன்? 1603-ல் இங்கிலாந்து அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னர் பாங்கோ வம்சம் என்று நம்பப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் புரவலரும் அவரே. சூனியம் பற்றி 1597-ல் புத்தகமே போட்டவர். இப்படி ஒரு பாத்திரத்தோடு முடிச்சுப் போட்டால்தான் சரித்திரத்துக்கு மதிப்பெண்.

7. குடிகார வாயிற்காவலனைத் தாண்டிப் போகாதீர்கள். வெளியே கதவு இடிபட, தன்னை நரகத்தின் காவல்காரனாக நினைத்துக்கொண்டு உளறுகிறான். அதில் இரட்டை நாக்குக்காரன் ஒருவனைக் கிண்டலடிப்பான். பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க 1605-ல் நடந்த சதியில் மாட்டி, மறு வருஷம் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் கார்னெட்டைத்தான் சொல்கிறான் என்பது அறிஞர்கள் பலர் கருத்து. அதோடு, உள்ளே மேக்பெத்தாக நடிப்பவன் ரத்தம் கழுவ நேரம் வேண்டாமா?

8. படம் பார்க்கலாம், ஆனால் நாடகத்தைப் படித்தபிறகு. இயக்குநர் குரோசாவா 1957-ல் இந்தக் கதையை ஜப்பானியக் கோட்டைக்குள் வைத்தார். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) மும்பை நிழலுலகம். குறி சொல்பவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். எனக்குப் பிடித்தது இதுதான். தேர்வில் மட்டும் படத்துக் காட்சியை நாடகம் என்று எழுதிவைத்துவிடாதீர்கள், நடந்திருக்கிறது.

9. லண்டன் பிள்ளைகள் புத்தகத்தைத் தேர்வறைக்குக் கொண்டுபோக முடியாது. அதற்காகப் பெரிய பத்திகளை உருப்போடவேண்டாம். மூன்று நான்கு சொல் உள்ள துண்டுகள் இருபது போதும், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று தெரிந்தால்.

10. தேர்வுக்கு முந்தின ராத்திரி வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியை மட்டும் வீட்டில் ஒருவரை மேக்பெத்தின் மனைவியாக உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. படித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.