படம் எழுத்தல்ல, எண்ணிக்கை

புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்பவன் நான். வெளியூர்க் கடைக்காரர்கள் வங்கியில் காசைப் போட்டுவிட்டு வைப்புச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் நூறு படங்களோடு கலந்துவிடுகிறது. எனவே பில் இலக்கத்தோடு சீட்டையும் அனுப்புவதற்கு என் மகன் ஒரு சிறிய வெப் சேர்வரைப் பைத்தன் மொழியில் எழுதித் தந்தான். உயர்தரம் முடித்துவிட்டு புரோகிராமிங் படிப்பவன். பெயர், பில் இலக்கம், தொகை எல்லாம் தவறாமல் வந்தன. இனி இதில்தான் அனுப்ப வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் வங்கிக் கணக்கில் 50,000 ரூபாய் வந்திருந்தது. யார் போட்டதென்று பெயர் இல்லை. கிழக்கிலிருந்து இருபது வருடமாக எடுக்கும் ஒரு நானா, “ஹாஜியார், அது நான் போட்டதுதான். சீட்டும் அனுப்பிட்டன்” என்றார். கணனியில் அந்தப் படம் திறக்கவில்லை. மறுபடி அனுப்பினார். அதுவும் திறக்கவில்லை. “காசு போட்டால்தானே சீட்டு சரியாக வரும்?” என்று சொல்லி, லொறியில் ஏற்றிய அவருடைய சாமானை இறக்க வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

பிழை எங்கே என்று அன்றிரவு மகன் தேடினான். அவன் கண்டதை நம் வியாபாரிகளும் அறிந்துகொள்வது நல்லது.

போட்டதைவிடக் கூடுதலாக வந்தது

சுமார் 40,000 பைட் அளவுள்ள ஒரு படத்தை அவன் அதே கணனியிலிருந்து அனுப்பிப் பார்த்தான். சேமிக்கப்பட்ட கோப்போ 70,000க்கும் மேல் இருந்தது. பார்சலில் வைத்ததைவிடக் கூடுதலாகச் சாமான் வந்தால், வழியில் யாரோ பிரித்து வேறெதையோ போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பிரித்தது எங்கள் சேர்வரேதான். கணனிக்குள் எல்லாமே 0 முதல் 255 வரையான எண்கள். அந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். எழுத்துக்களை எண்ணாக்குவதற்கு யூடிஎஃப்-8 என்றொரு முறை உண்டு. அதன்படி ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ் ‘அ’ மூன்று பைட், அதாவது 224, 174, 133. இந்த முறையில் 255 என்ற எண்ணுக்கு இடமே இல்லை. ஆனால் ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்றுதான் தொடங்கும்.

மகனின் புரோகிராம் வந்ததையெல்லாம் எழுத்தாக வாசித்தது. வாசிக்க முடியாத பைட்டுக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி அடையாளத்தைப் போட்டது. அந்த அடையாளம் 239, 191, 189 என்ற மூன்று பைட். அதனால்தான் கோப்பு வீங்கியது. 255உம் 216உம் ஒரே அடையாளமாகிவிட்டதால் அந்தக் கோப்பிலிருந்து பழைய படத்தை மீட்கவும் வழியில்லை. பெயரும் தொகையும் எழுத்துக்கள் என்பதால் தப்பித்தன, படம் அகப்பட்டுக்கொண்டது.

சேமிக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. விண்டோஸில் கோப்பை எழுத்து முறையில் திறந்து எழுதினால் 10 என்ற பைட் ஒவ்வொன்றும் 13, 10 என்று இரண்டாகிவிடும். அதைப் பைனரி முறையில் திறக்க வேண்டும். இந்த வகைச் சேதத்தை உடனே கண்டுபிடிக்கவே 1996இல் வெளியான பி.என்.ஜி படத்தின் தொடக்கத்தில் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டுப் பைட்டுகளை வைத்தார்கள். வழியில் யாராவது வரிமுடிவை மாற்றினால் இந்த முத்திரை உடைந்துவிடும்.

பாதிப் படம்

இதைத் திருத்திய பின் நானாவின் சீட்டைப் போல ஒரு பெரிய படத்தை வெளியிலிருந்து அனுப்பிப் பார்த்தோம். மேல்பாதி தெரிந்தது, கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

பத்துப் பெட்டிச் சாமானும் ஒரே லொறியில் வரும் என்று உறுதியில்லை அல்லவா? இணையமும் அப்படித்தான். பைட்டுகள் வரிசை மாறாமல் வரும். ஆனால் எத்தனை துண்டாக வரும் என்பது நம் கையில் இல்லை. மகன் ஒரே தடவை வாங்கிவிட்டுக் கதவைப் பூட்டியிருந்தான். கடைக் கணனிக்குள்ளேயே சோதித்த சிறிய படம் ஒரே தடவையில் வந்ததால் இந்தக் குறை தெரியவில்லை.

சரியான வழி இதுதான். உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையின் முன்னாலும் சில தலைப்பு வரிகள் வரும். அவற்றில் ‘கொன்டென்ட்-லெங்த்’ என்ற வரி மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லும். பிறகு ஒரு வெற்று வரி. அதன் பின் வருவது சரக்கு. சொன்ன எண்ணிக்கை நிறையும் வரை திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். இணைப்பு மூடும் வரை காத்திருப்போம் என்றிருந்தாலும் பிழை. உலாவி நம் பதிலுக்காகக் காத்திருக்கும். இருவரும் காத்தே கிடப்போம்.

அந்தச் சரக்குக்குள் பெயர், தொகை, படம் எல்லாம் தனித்தனிப் பகுதிகள். பகுதிகளைப் பிரிக்க உலாவி தானே ஓர் எல்லை வரியைத் தெரிவு செய்து தலைப்பில் அறிவிக்கும். 1995இல் வகுக்கப்பட்ட இந்த முறைக்கு மல்டிபார்ட் என்று பெயர். எல்லை வரிக்கு முன்னுள்ள 13, 10 எல்லையைச் சேர்ந்தவை, படத்தைச் சேர்ந்தவை அல்ல. வெட்டும்போது அவற்றை விட்டுவிட வேண்டும்.

கேட்டு வைக்க வேண்டியவை

உங்கள் கடைக்கு யாராவது இப்படி எழுதித் தந்தால் இவற்றைக் கேளுங்கள்:

1. படம் தொடக்கம் முதல் முடிவு வரை பைட்டாகவே கையாளப்படுகிறதா? எங்காவது எழுத்தாக மாற்றப்படுகிறதா?

2. எண்ணிக்கை குறைந்த படத்தைச் சேர்வர் ஏற்காமல், அனுப்பியவரிடம் “மறுபடி அனுப்புங்கள்” என்று சொல்கிறதா?

3. ஒரு படத்துக்கு உச்ச அளவு உண்டா? இல்லாவிட்டால் எவரும் நம் கணனியை நிரப்பிவிடலாம். அளவு மீறினால் 413 என்ற பதில் அனுப்புவது முறை.

4. வருபவர் வைத்த கோப்புப் பெயரையே சேமிக்கும் பெயராக எடுக்கிறதா? அது ஆபத்து. அந்தப் பெயருக்குள் வேறு இடத்துக்கு வழி எழுதி நம் கோப்புகளின் மேல் எழுதிவிடலாம். பெயரை நாமே இட வேண்டும். ‘ஜேபெக்’ என்ற வாலை நம்பாமல் முதல் பைட்டுகளையும் பார்க்க வேண்டும்.

5. வெளியூரிலிருந்து, சாதாரண போனிலிருந்து, பெரிய படத்தை அனுப்பிச் சோதித்தீர்களா? அனுப்பிய கோப்பும் வந்த கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா?

நாங்கள் எல்லாவற்றையும் திருத்திய பின் நானாவுக்கு நானே போன் எடுத்தேன். பிழை எங்களுடையது என்று சொல்லி, இன்னொரு தடவை சீட்டை அனுப்பும்படி கேட்டேன். சில நிமிடத்தில் வந்தது. வங்கி முத்திரை, திகதி, 50,000 ரூபாய் எல்லாம் தெளிவாக இருந்தன. அன்றே சாமானை ஏற்றினேன், லொறிக் கூலி என் கணக்கில். அடுத்த மாதமும் அவர் ஓடர் தந்தார். ஆனால் “ஹாஜியார், சீட்டு திறக்குதா?” என்று இப்போது ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு நான்தான் காரணம்.

சேர்வரின் பிழையை மகன் ஓரிரவில் திருத்திவிட்டான். படம் திறக்கவில்லை என்றால் வாடிக்கையாளரைச் சந்தேகிப்பதற்கு முன் நம் பக்கத்து எண்ணிக்கையைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.