முகவருக்கு எட்டு இலட்சமா?

கேள்வி: பேராதனையில் தாவரவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்ய ஆசை. கண்டியில் ஒரு முகவர் எட்டு இலட்சம் ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?
– வாசகி, பிலிமத்தலாவை

கட்டாதீர்கள், தங்கச்சி. கலாநிதிப் பட்டத்துக்கு ஆளைத் தெரிவு செய்வதில் பெரும்பங்கு மேற்பார்வை செய்யப்போகும் பேராசிரியருடையது. முகவர் அங்கே கையாலாகாதவர். சுவீடனில் இந்த இடங்களை வேலை விளம்பரமாகவே போடுகிறார்கள். சம்பளம் உண்டு, கல்விக் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் உங்கள் நான்காண்டுப் பட்டத்தோடு, முதுமாணி இல்லாமலே, பல பல்கலைக்கழகங்களில் நேரே விண்ணப்பிக்கலாம். உதவி ஆசிரியர் பணி கிடைத்தால் பெரும்பாலும் கட்டணமும் தள்ளுபடியாகும், கைச்செலவுக்கும் காசு வரும். ஜப்பானுக்கு அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் இருக்கிறது. கொழும்புத் தூதரகத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் அரைப் பக்கம் போதும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை வாசித்து, உங்கள் இறுதியாண்டு ஆய்வு அதோடு எங்கே தொடுகிறது என்று இரண்டு வரி சொல்லுங்கள். "மதிப்புக்குரிய ஐயா/அம்மணி" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் குப்பைக்கூடைதான்.

இன்னொன்று: நீங்கள் முகவரைப் பார்க்க ஏறும் கண்டி பஸ் பேராதனை வழியாகத்தானே போகிறது? அங்கேயே இறங்குங்கள். வெளிநாட்டில் ஆய்வு முடித்துத் திரும்பிய விரிவுரையாளர்கள் உங்கள் துறையிலேயே இருப்பார்கள். பரிந்துரைக் கடிதமும் அவர்கள்தானே தரவேண்டும்!